கூரையில் செருகிய இலையை எண்ணுவது எப்படி?

போர்த்துக்கேயர் காலத்துக் கதை ஒன்றை யாழ்ப்பாணப் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். விரத நாளில் கதவைச் சாத்திவிட்டு வாழையிலையில் சாப்பிடுவார்களாம். சாப்பிட்ட இலையை வெளியே எறிந்தால் ‘இந்த வீட்டில் இன்றைக்கு விரதம்’ என்று அது காட்டிக்கொடுத்துவிடும். அதனால் இலையை மடித்து ஓலைக்கூரையின் இறவாரத்தில் செருகி வைப்பார்கள். இரண்டு நாளில் இலை காய்ந்து ஓலையோடு ஓலையாகிவிடும். வீதியில் போகிறவர் கண்ணுக்கு அது கூரை மட்டும்தான்.

எங்கள் திருகோணமலையில் இதே மாதிரியான ஒன்று மண்ணுக்கு அடியில் நடந்தது. சுவாமி மலையில் இருந்த கோணேசர் கோவிலைப் போர்த்துக்கேயர் இடித்து அந்த இடத்தில் கோட்டை கட்டினார்கள். அதற்கு 300 ஆண்டுகளுக்குப் பிறகு, 1950இல், ஊரில் கிணறு வெட்டியபோது வெண்கலச் சிலைகள் வெளியே வந்தன. யாரோ பத்திரமாகப் புதைத்து வைத்திருக்கிறார்கள். புதைத்தவர்கள் ஊருக்கு என்ன சமயத்தவர்களாகத் தெரிந்தார்கள், மனதுக்குள் என்னவாக இருந்தார்கள் என்பதை எந்தப் பதிவேடும் நமக்குச் சொல்லாது.

இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது. ஒரு நாட்டில், அல்லது ஒரு மாவட்டத்தில், இன்ன சமயத்தவர் இத்தனை பேர் என்று சொல்கிறோமே, அந்த எண் எப்படி வருகிறது? அரசாங்கம் ஒரு சமயத்தைத் தடுக்கும் இடத்தில், அல்லது ஒரு சமயத்துக்கு மட்டும் சலுகை கொடுக்கும் இடத்தில், அந்த எண்ணுக்கு என்ன ஆகிறது?

முதலில், தடை எதுவும் இல்லாத ஒரு விறாந்தையில் இருந்து தொடங்குவோம். 2024 கடைசியில் தொகைமதிப்பு நடந்த நேரம் நான் உப்புவெளியில் பெரியம்மா வீட்டில் இருந்தேன். கையில் டெப்போடு ஓர் இளம் உத்தியோகத்தர் வந்தார். கதிரை போட்டுக் கொடுத்து, தேத்தண்ணியும் வந்தது. பெயர், வயது, கிணறா குழாய்த் தண்ணீரா என்றெல்லாம் கேட்டு முடித்து, “அம்மா, சமயம்?” என்றார். பெரியம்மா உடனே சொன்னார்: “சைவம்தான் பிள்ளை. ஆனா அந்தோனியாரையும் விடமாட்டன்.” அவர் சொன்னது உண்மை. வெள்ளிக்கிழமை என்றால் பத்திரகாளி அம்மன் கோவில், செவ்வாய்க்கிழமை என்றால் அந்தோனியாருக்கு மெழுகுதிரி. சாமித் தட்டில் பிள்ளையாரும் மாதாவும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே ‘இந்து’ என்ற இடத்தைத் தொட்டார். பெரியம்மா ‘இந்து’ என்று சொல்லவே இல்லை, ‘சைவம்’ என்றுதான் சொன்னார். அந்தோனியாருக்குத் திரையில் இடமில்லை.

இதில் யார் பிழையும் இல்லை. ஒரு படிவத்துக்கு ஒரு விடைதான் வேண்டும். ஆனால் கேள்வி கேட்கும்போதே மூன்று வேறு விஷயங்கள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. நான் என்னை யார் என்று சொல்லிக்கொள்கிறேன் என்பது ஒன்று. நான் என்ன செய்கிறேன், எந்தக் கோவிலுக்குப் போகிறேன், என்ன விரதம் பிடிக்கிறேன் என்பது இன்னொன்று. மனதுக்குள் எதை நம்புகிறேன் என்பது மூன்றாவது. தொகைமதிப்பு முதலாவதை மட்டும்தான் கேட்கிறது. சுதந்திரமாகப் பேசக்கூடிய இடத்திலேயே இந்த மூன்றும் ஒத்துப்போவதில்லை என்றால், பயம் வந்து உட்கார்ந்த இடத்தில் இவை எவ்வளவு தூரம் விலகும் என்று யோசித்துப் பாருங்கள்.

எண்ணவே முடியாமல் போனால் என்ன நடக்கும் என்பது எங்கள் மாவட்டத்துக்கு நன்றாகத் தெரியும். இலங்கையில் 1981க்குப் பிறகு 1991இல் தொகைமதிப்பு நடக்கவில்லை. 2001இல் நடந்தபோதும் யுத்தம் காரணமாக 18 மாவட்டங்களில்தான் முழுமையாக முடிந்தது. மிச்சம் 7இல் திருகோணமலையும் ஒன்று. ஆக, 1981க்கு அடுத்த முழுத் தொகைமதிப்பு எங்களுக்கு 2012இல்தான் கிடைத்தது. இடையில் 31 ஆண்டுகள். அதற்குள் ஒரு தலைமுறை பிறந்து, படித்து, கலியாணம் முடித்துவிட்டது. இடம்பெயர்ந்தவர்கள், செத்தவர்கள், இந்தியாவுக்குப் படகேறியவர்கள், புதிதாகக் குடியேறியவர்கள், எல்லாரும் அந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறார்கள். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் பெரிய அளவில் சேர்ந்து வாழும் மாவட்டத்தில் ஓர் எண் என்பது காணி, பாடசாலை, பாராளுமன்ற ஆசனம் எல்லாவற்றோடும் ஒட்டிக்கொண்டது. முழுக் கணக்கு இல்லாத காலத்தில் ஒவ்வொரு தேநீர்க் கடையிலும் ஒவ்வோர் எண் உலாவியது. இது சமயத் தடையால் வந்த இடைவெளி அல்ல, யுத்தத்தால் வந்தது. ஆனாலும் ஒன்றை நேரில் கண்டோம்: எண் இல்லாத இடம் வெறுமையாகக் கிடப்பதில்லை. அவரவர் ஆசையும் பயமும் அங்கே வந்து நிரம்பிவிடும்.

சரி, அரசாங்கமே குறுக்கே நிற்கும்போது என்ன ஆகும்?

எல்லாரும் நினைப்பது, அடக்குமுறை என்றால் எண்ணிக்கை குறைந்து தெரியும் என்பது. பல நேரம் அப்படித்தான். ஆனால் கூடித் தெரிவதும் உண்டு, அதற்கு எங்கள் தீவிலேயே சாட்சி இருக்கிறது. ஒல்லாந்தர் ஆட்சியில் திருமுழுக்கையும் திருமணத்தையும் பாடசாலைகளில் வைத்துத் தோம்பு என்ற பதிவேட்டில் எழுதினார்கள். அரசாங்க உத்தியோகம் வேண்டுமென்றால் அவர்களுடைய புரட்டஸ்தாந்து சபையில் சேர்ந்திருக்க வேண்டும். பதிவேட்டில் ஆயிரக்கணக்கில் கிறிஸ்தவர்கள் சேர்ந்தார்கள். பிறகு 1796க்குள் தீவின் கரையோரம் ஆங்கிலேயர் கைக்குப் போனது, அந்தக் கட்டாயமும் போனது. கொஞ்சக் காலத்திலேயே அந்தக் கிறிஸ்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் சைவத்துக்கும் பௌத்தத்துக்கும் திரும்பிவிட்டார்கள். திரும்பினார்கள் என்பதைவிட, இருந்த இடத்தை வெளியே காட்டினார்கள் என்று சொல்வதுதான் பொருத்தம். இப்படிப் பதிவுக்காக மாறியவர்களுக்கு ‘அரசாங்கக் கிறிஸ்தவர்கள்’ என்றே ஒரு பெயர் இருந்தது. தோம்பில் எழுதியவர் பொய் எழுதவில்லை. அவர் முன்னால் நின்றவர் சொன்னதைத்தான் எழுதினார். அந்த எண் அளந்தது நம்பிக்கையை அல்ல, உத்தியோகத்தின் விலையை.

இதற்கு இன்றைய உதாரணம் இந்தியாவில் இருக்கிறது. பட்டியல் சாதியினருக்கான இட ஒதுக்கீடு 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்களுக்கு மட்டும் என்று இருந்தது. 1956இல் சீக்கியர்களையும், 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்றும் அதற்கு வெளியே. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஒரு பெயர், சாதிச் சான்றிதழில் இன்னொரு பெயர் என்று வாழும் தலித் குடும்பங்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. அங்கே யாரும் யாரையும் சிறையில் போடவில்லை. பிள்ளையின் படிப்பையும் வேலையையும் தட்டின் ஒரு பக்கத்தில் வைத்தால் போதும், கணக்கு சாய்ந்துவிடும். இந்த அநியாயம் எனக்கு மனதை உறுத்துகிற ஒன்று. ஒரு தாயிடம் ‘உன் கடவுளா, உன் பிள்ளையின் கல்லூரி இடமா’ என்று கேட்டுவிட்டு, அவள் சொல்லும் விடையைப் புள்ளிவிபரம் என்று எழுதுகிறோம்.

பயம் எப்படி வேலை செய்யும் என்பதற்கு நான் அறிந்ததில் பெரிய உதாரணம் சோவியத் ரஷ்யா. 1937 சனவரியில் ஸ்டாலின் ஆட்சி ஒரு தொகைமதிப்பு நடத்தியது. அதில் சமயக் கேள்வியும் இருந்தது. புரட்சி நடந்து 20 ஆண்டுகள். தேவாலயங்கள் இடிக்கப்பட்டு, குருமார் சிறைக்குப் போய், நாத்திகப் பிரசாரம் பள்ளிக்கூடம் வரை போயிருந்த காலம். மக்கள் இறைநம்பிக்கையைக் கைவிட்டுவிட்டார்கள் என்று காட்டலாம் என்று ஆட்சி எதிர்பார்த்தது. ஆனால் 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் பாதிக்கு மேல், சுமார் 57 விழுக்காடு பேர், ‘நம்புகிறேன்’ என்று சொல்லிவிட்டார்கள். ஐந்தரைக் கோடிப் பேர். ‘நம்புகிறேன்’ என்று சொன்னால் பிடித்துக்கொண்டு போவார்கள் என்றும் வதந்தி பரவியிருந்தது, நிறையப் பேர் சொன்னால் தேவாலயத்தைத் திறந்துவிடுவார்கள் என்றும் பரவியிருந்தது. அதாவது சொன்ன 57 விழுக்காட்டுக்குப் பின்னால் வாயைத் திறக்காதவர்களும் இருந்திருக்கிறார்கள். மொத்த சனத்தொகையும் எதிர்பார்த்ததைவிடப் பல லட்சம் குறைவாக வந்தது, ஏனென்றால் இடையில் பெரும் பஞ்சம் வந்து போயிருந்தது. ஆட்சி முடிவுகளைப் பூட்டி வைத்தது. கணக்கெடுப்பை நடத்திய அதிகாரிகளைக் கைது செய்தது, சிலரைச் சுட்டுக் கொன்றது. 1939இல் மறுபடி எண்ணியபோது சமயக் கேள்வியே இல்லை. எண்ணியவர்கள் உயிரைக் கொடுத்த கணக்கு அது.

கேள்வியையே கேட்காமல் விடுவது இன்றும் நடக்கிறது. சீனாவின் தொகைமதிப்பு இனத்தைக் கேட்கும், சமயத்தைக் கேட்காது. அரசாங்கம் அங்கீகரித்தவை ஐந்து: பௌத்தம், தாவோயிசம், இஸ்லாம், கத்தோலிக்கம், புரட்டஸ்தாந்தம். சபைகள் அரசு அமைப்பில் பதிய வேண்டும். பதியாமல் வீடுகளில் கூடும் சபைகளும் ஏராளம். கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினருக்கு எந்தச் சமயமும் கூடாது. இந்த நிலையில் அங்கே புரட்டஸ்தாந்தர் எத்தனை பேர் என்று கேட்டால் விடைகள் ஒன்றோடொன்று சேரவே மாட்டா. 2018இல் சீன அரசு வெளியிட்ட அறிக்கை 3 கோடியே 80 லட்சம் என்றது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம், பதியாத சபைகளையும் கணக்கில் எடுத்து, 2010ஆம் ஆண்டுக்கு 5 கோடியே 80 லட்சம் என்று மதிப்பிட்டது. வீடுவீடாகப் போய்க் கேட்ட 2018ஆம் ஆண்டு ஆய்வொன்றிலோ, தங்களைக் கிறிஸ்தவர் என்று சொன்ன பெரியவர்கள் 2 விழுக்காடு, ஏறத்தாழ 2 கோடிதான். இதில் கத்தோலிக்கரும் அடக்கம். ஒரே நாடு, இரண்டு கோடியில் இருந்து ஏறக்குறைய ஆறு கோடி வரை.

இதில் எது பொய் என்று தேடத் தோன்றும். ஆனால் ஒவ்வோர் எண்ணும் வேறு வேறு ஆட்களை எண்ணியிருக்கிறது. ஒன்று சபைப் பதிவேட்டை ஒட்டியது. இன்னொன்று சபைகளுக்குள் இருப்பவர்கள் சொன்ன மதிப்பீடுகளைச் சேர்த்தது. மூன்றாவது, முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் நின்று கேட்டபோது வாயால் சொன்னவர்கள். அப்புறம் மொழிச் சிக்கலும் இருக்கிறது. சமயம் என்பதற்குச் சீனத்தில் வழங்கும் ‘சோங்ஜியாவ்’ என்ற சொல், அமைப்பும் உறுப்புரிமையும் உள்ள ஒன்றையே நினைவுக்குக் கொண்டுவரும். மூதாதையருக்கு ஊதுபத்தி கொளுத்துகிறவர்கூட ‘எனக்குச் சமயம் இல்லை’ என்று மனதாரச் சொல்வார். என் பெரியம்மாவின் அந்தோனியார் திரையில் காணாமல் போனாரே, அதே சங்கதிதான், நாடளவில்.

தியானமும் உடற்பயிற்சியும் சேர்ந்த ஃபாலுன் கொங் என்ற சீன ஆன்மிக இயக்கத்தின் கதை இன்னும் கடினம். 1999இல் தடை வருவதற்கு முன் 7 கோடிப் பேர் என்ற எண் சீன அதிகாரிகள் பக்கத்தில் இருந்தே வந்ததாகச் செய்திகள் சொல்லின. தடைக்குப் பிறகு அதே அரசு சுமார் 20 லட்சம் என்றது. இயக்கம் 10 கோடி என்றது. இவர்கள் காலையில் பூங்காவுக்கு வந்து கூட்டமாகப் பயிற்சி செய்பவர்கள். உறுப்பினர் பட்டியல் என்று ஒன்று இல்லை. எண்ணிக்கையைக் குறைக்க வேண்டிய தேவை தடுக்கும் பக்கத்துக்கு இருக்கிறது, கூட்ட வேண்டிய தேவை தடுக்கப்பட்ட பக்கத்துக்கு இருக்கிறது. பாதிக்கப்பட்டவர்கள் மேல் நமக்கு இரக்கம் இருக்க வேண்டும், எனக்கும் இருக்கிறது. ஆனாலும் அவர்கள் சொல்லும் எண்ணையும் எப்படி வந்தது என்று கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

அப்படியானால் மறைந்திருப்பவர்களை எண்ண வழியே இல்லையா? கொஞ்சம் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது 1965இல் ஸ்டான்லி வார்னர் என்ற ஆய்வாளர் முன்வைத்த யோசனையில் இருந்து வளர்ந்த வழி. பெரியம்மாவின் விறாந்தையிலேயே அதைச் செய்து பார்க்கலாம்.

தடை செய்யப்பட்ட ஒரு சமயம் இருக்கிறது என்று வையுங்கள். நான் உங்களிடம் ஒரு பத்து ரூபாய்க் குற்றியைக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். நீங்கள் சுண்டிப் பார்க்கிறீர்கள். இலக்கம் உள்ள பக்கம் விழுந்தால், உண்மை எதுவானாலும் ‘ஓம்’ என்று சொல்ல வேண்டும். மற்றப் பக்கம் விழுந்தால், அந்தச் சமயத்தவர்தானா என்ற கேள்விக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். எது விழுந்தது என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். நீங்கள் ‘ஓம்’ என்றால், அது உங்கள் சமயமா, குற்றி சொன்னதா என்று எனக்குத் தெரியாது. பொலிசுக்கும் தெரியாது. உங்களை யாரும் பிடிக்க முடியாது.

இப்படி 1000 பேரிடம் கேட்கிறேன், 620 ‘ஓம்’ வருகிறது. குற்றி பாதிக்குப் பாதி விழும் என்பதால் ஏறத்தாழ 500 ‘ஓம்’ குற்றியால் வந்தவை. மிச்சம் 120. உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தவர்கள் 500 பேர். 500இல் 120 என்றால் 24 விழுக்காடு. ஒருவரைக்கூடக் காட்டிக்கொடுக்காமல் ஊரின் கணக்கு கிடைத்துவிட்டது. முதல் தடவை இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. கூரையில் இருந்து இலையை இழுக்காமலே எத்தனை வீட்டில் இலை இருக்கிறது என்று சொல்ல முடிகிறதே!

ஆனால் இதுவும் நம்பிக்கையில்தான் நிற்கிறது. மிகவும் பயந்தவர், குற்றி ‘ஓம்’ சொல்லச் சொன்னாலும் ‘இல்லை’ என்றுதான் சொல்வார். அந்தச் சொல்லையே வாயில் எடுக்கமாட்டார். 1000 பேரில் 430 ‘ஓம்’ மட்டும் வந்தால், குறைந்தது 500 வர வேண்டிய இடத்தில் பலர் விதியை மீறியிருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம். அப்போது சமயக் கணக்கு கைக்கு வராது, பயத்தின் அளவு மட்டும் ஓரளவு வரும்.

சுவடுகளை வைத்து எண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள். சீனாவில் முஸ்லிம்கள் எத்தனை பேர் என்பதற்கு, ஹுய், உய்குர் போல மரபாக முஸ்லிம்களான 10 இனங்களின் தொகையைக் கூட்டுவது வழக்கம். கையில் கிடைக்கிற வழி அதுதான், ஆனால் அந்த இனத்தில் பிறந்தும் நம்பாதவர் உள்ளே வந்துவிடுவார், வேறு இனத்தில் இருந்து மாறியவர் வெளியே நின்றுவிடுவார். அச்சடித்த விவிலியங்களை எண்ணலாம் என்றால், நான்ஜிங் நகரின் அச்சகம் 2019 வரை 20 கோடிக்கு மேல் அடித்திருக்கிறது, அதில் பாதிக்கு மேல் வெளிநாடுகளுக்குப் போனவை. சுவடு இருக்கிறது, நடந்தவரைக் காணவில்லை.

இணையம் வந்தபின் இன்னொரு வழி திறந்தது. ஈரானின் அரசுத் தொகைமதிப்பு 99 விழுக்காட்டுக்கு மேல் முஸ்லிம்கள் என்கிறது. பஹாய் சமயத்தவருக்குப் படிவத்தில் தனி இடம் கிடையாது. நெதர்லாந்தில் இருந்து இயங்கும் காமான் என்ற ஆய்வுக் குழு 2020இல் பெயர் கேட்காமல் இணையத்தில் 50,000 பேருக்கு மேற்பட்டோரிடம் கேட்டது. தன்னை ஷியா முஸ்லிம் என்று சொன்னவர்கள் 32 விழுக்காடுதான். இதை அப்படியே ஈரானின் முழுக் கணக்காக எடுக்கக் கூடாது. சமூக வலைத்தளத்தில் சுற்றிய படிவத்தைத் தேடிப் போய் நிரப்பியவர்கள் அவர்கள். கிராமத்து முதியவர் அதில் குறைவு. ஆனால் முகம் தெரியாத இடத்தில் கேட்டால் விடை மாறுகிறது என்பதை மட்டும் இனி மறுக்க முடியாது.

ஆகவே ஒரு எண்ணைக் காணும்போது நான் பார்ப்பது, கேட்டவர் யார், கேட்ட இடம் எது, ‘ஆம்’ என்று சொன்னால் சொன்னவருக்கு என்ன ஆகும் என்பவற்றைத்தான். ‘2 கோடி முதல் 6 கோடி வரை’ என்று எழுதியிருந்தால் அதை எழுதியவர் மேல் எனக்கு மதிப்புக் கூடும். ஒற்றை எண்ணைத் தூக்கிக்கொண்டு வருகிறவரிடம்தான் நின்று கேட்க வேண்டும்.

அப்படி இரண்டு எண்களை ஒன்றாகப் போட்ட ஓர் அறிக்கை உண்டு. மியன்மாரில் 2014இல் தொகைமதிப்பு நடந்தது. சமய விபரங்களை 2016 வரை வெளியிடவில்லை. வெளியிட்டபோது, எண்ணப்பட்டவர்களில் முஸ்லிம்கள் 2.3 விழுக்காடு என்றும், எண்ணப்படாதவர்களையும் மதிப்பிட்டுச் சேர்த்தால் 4.3 விழுக்காடு என்றும் போட்டார்கள். இடையில் இருப்பவர்கள் ரக்கைன் மாநிலத்தில் வாழ்ந்த சுமார் 10 லட்சத்து 90 ஆயிரம் பேர். அங்கே கணக்கெடுப்பவர்கள் வாசலுக்கு வந்தார்கள். இனம் என்ன என்று கேட்டார்கள். ‘ரொஹிங்யா’ என்று வீட்டுக்காரர் சொன்னதும், படிவத்தை மடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள்.